ஐந்து பேருக்கு ஓர் இதயம்

வெள்ளூரணி தீயணைப்பு நிலையத்தின் முன்னறையில் ஒரு மின்பலகை உண்டு. ஐந்து பெயர்கள், பெயருக்கு ஒரு விளக்கு. மற்ற ஊர் நிலையங்களில் அந்த விளக்குகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு போல மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளூரணியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரே பச்சை. நிலைய அலுவலர் ஞானதுரை காலையில் வந்ததும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, விளைந்த வயலை வரப்பில் நின்று பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். ரசிக்கட்டும், பாவம். மனிதருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

அந்த விளக்குகளை எரிய வைப்பது ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டியிருந்த பட்டை. அரசாங்கக் காகிதங்களில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் இருந்தது. ஆட்கள் அதைக் காப்பு என்றார்கள். நாடி, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். காலை அணிவகுப்புக்கு முன்னால் எல்லோரும் ஓய்வறையில் கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். அப்போது உடம்பு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து அன்றைய நிறம் முடிவாகும். சும்மா படுத்திருக்கும்போதே மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தவர் அன்று வண்டியில் ஏறக் கூடாது, ஓய்வு. நல்ல எண்ணத்தில் வந்த திட்டம்தான். தூங்காமல், யாரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள்ளேயே வெந்து ஒருநாள் சரிந்து விழுகிற தீயணைப்புக்காரர்களைப் பார்த்து, மனசு பொறுக்காத யாரோ கொண்டுவந்தது.

ஆனால் நல்ல எண்ணம் எதுவும் நம் அலுவலகங்களுக்குள் நுழைந்தால் மதிப்பெண்ணாகத்தான் வெளியே வரும். பச்சை அதிகமுள்ள நிலையத்துக்குக் கேடயம். சிவப்பு அதிகமுள்ள நிலையத்தின் அலுவலரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிலைய அலுவலருக்கும் காப்பு உண்டு, ஆனால் அவர் நிறம் பலகையில் வராது. மாவட்ட அலுவலரிலிருந்து மேலே போனால் காப்பே கிடையாது. தங்களுக்கு அது தேவைப்படாது என்று அவர்களே கூடி முடிவு செய்துகொண்டார்கள்.

தன் நிலையம் பச்சையாக இருப்பதற்குக் காரணம் 'அலசல்' என்று ஞானதுரை நம்பினார். அலசல் அவரே கண்டுபிடித்த வழக்கம். தீயோ, கிணற்றில் விழுந்தவரோ, எந்த அழைப்புக்குப் போய்த் திரும்பினாலும், உடை மாற்றுவதற்கு முன்னால் அப்படியே ஈரத்தோடும் கரியோடும் வண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும். யார் எங்கே தப்புச் செய்தார் என்று பெயர் சொல்லி, எல்லோர் முன்னாலும் பிரித்து மேய்வார். தப்பை உடனே சொன்னால்தான் அடுத்த தடவை உயிர் பிழைக்கும் என்பது அவர் கட்சி. காப்பு வந்த புதிதில் குமரேசனுக்கு ஒருநாள் சிவப்பு விழுந்தது. அன்றைய அலசலில் ஞானதுரை, "என்னப்பா, வீட்ல பொண்டாட்டி கூடச் சண்டையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். குமரேசனும் சிரிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலகையில் சிவப்பு விழவே இல்லை.

இந்தத் தடவை கேடயம் வெள்ளூரணிக்கு என்று முடிவாகி, மாவட்ட அலுவலர் நீலமேகம் நேரில் வந்து கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலையில், அணிவகுப்புக்கு முன்னாலேயே, காப்பு செய்கிற நிறுவனத்திலிருந்து தாரணி என்ற பொறியாளர் வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். ஞானதுரை அவளை உட்கார வைத்து டீ வரவழைத்தார்.

"உங்க நிலையத்தைப் பத்தி எங்க ஆபீஸ்ல ரொம்ப நாளாப் பேசிட்டு இருக்கறோமுங்க சார்" என்றாள்.

"பேசாம எப்படிம்மா இருப்பாங்க!"

"இங்க அஞ்சு பேருக்கும் ஒரே இதயமுங்க."

ஞானதுரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நல்லாச் சொன்ன தாயி. நானும் எத்தனையோ ஸ்டேஷன் பாத்துட்டேன், இப்படி ஒத்துமையான பிள்ளைகளப் பாத்ததில்ல. எல்லாம் கண்டிப்புதான். கொஞ்சம் கயித்த விட்டோம்னு வையி…"

"இல்லங்க சார். நான் சும்மா சொல்லல. நிஜமாவே ஒரே இதயம்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொருத்தர் இதயமும் துடிக்கறதுல ஒரு நடை இருக்குங்க. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வர்ற இடைவெளி, கையெழுத்து மாதிரி. ஆளுக்கு ஆள் மாறும். இங்க காலைல ஓய்வு நேரத்துல மட்டும் அஞ்சு காப்புலயும் ஒரே கையெழுத்து. ஓய்வு முடிஞ்சதும் அஞ்சும் அஞ்சு விதமா ஆயிடுது."

"அப்ப மெஷின் கோளாறு."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். இப்ப ஓய்வு நேரம்தானுங்களே? ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வந்துடலாமா?"

ஓய்வறை பின்பக்கம் இருந்தது. கதவு சாத்தியிருந்ததால் ஞானதுரை ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

நடுக்கட்டிலில் பூதத்தான் மல்லாந்து கிடந்தான். சங்கிலிபூதத்தான் என்பது முழுப்பெயர். ஆறடி உயரம், இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற பிறவி. அவனுடைய இடதுகையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஐந்து காப்புகள், வளைகாப்புக்கு உட்கார்ந்த பெண்ணைப் போல. லேசான குறட்டை வேறு. மற்ற நால்வரும் அவனைச் சுற்றி ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் பீர் முகம்மது ஓர் அட்டையை வைத்துப் பூதத்தானுக்கு விசிறிக்கொண்டிருந்தார். குமரேசனும் செல்வினும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜகனி ஓரத்தில் இருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்து நெற்றி முடியை ஒதுக்கினபோதுதான் ஏன் என்று தெரிந்தது. விரல்கள் நிற்காமல் நடுங்கின.

"எனக்காக எத்தனை நாளைக்குண்ணே இப்படி?" என்றாள் மெதுவாக.

"ஒனக்காகன்னு யார் சொன்னா?" என்றார் பீர் முகம்மது அதைவிட மெதுவாக. "எனக்கும் பச்சை வராது, குமரேசனுக்கும் வராது. இவன் ஒருத்தனுக்குத்தான் வரும். எழுப்பிராத, பேசாம இரு."

"இன்னைக்கு அவரு என்ன மூட்ல இருக்காரோ" என்றான் செல்வின்.

அவர் என்பது தான்தான் என்று புரிய ஞானதுரைக்கு ஒரு கணம் பிடித்தது.

அறைக்குத் திரும்பி வந்ததும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "அஞ்சு பேரையும் சஸ்பெண்ட் பண்ணுதேன்" என்றார். "அரசாங்கத்த ஏமாத்துதானுவ. என்னைய ஏமாத்துதானுவ. அந்தப் பிள்ளைக்குக் கை அந்த ஆட்டம் ஆடுது, அதோட வண்டில ஏறி வந்து, தீக்குள்ள போறவன் இடுப்புக் கயித்தப் பிடிச்சிருக்கா! உள்ள போனவன் செத்தா யாரு பதில் சொல்லுவா?"

"நியாயமான கோவந்தானுங்க" என்றாள் தாரணி. "ஆனா ஏன் ஏமாத்துனாங்கன்னு பாக்க வேண்டாமுங்களா?" அவள் தன் கைக்கணினியைத் திருப்பி வைத்தாள். "காலைல மட்டுந்தான் காப்பு பாக்கும்னு அவங்க நெனச்சுட்டு இருக்காங்க. நெறம் முடிவாகறது காலைல. ஆனா பதிவு நாள் முழுக்க ஓடுதுங்க. அழைப்புக்குப் போறப்ப காப்பு அவங்கவங்க கையிலதான் இருக்கும். அதுல பொய் இல்ல."

திரையில் கோடுகள். "இது நீங்க கிணத்துக்குப் போன நாளுங்க."

எந்தக் கிணறு என்று ஞானதுரை கேட்கவில்லை. சின்னப் பெண் குழந்தை. ராஜகனிதான் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தாள்.

"கிணத்துகிட்ட அஞ்சு பேருக்கும் ஏறுது பாருங்க. பிள்ளைய மேல கொண்டுவந்தப்ப இன்னும் ஏறுது. அப்பறம் வண்டில வர்றப்ப கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. உடம்பு அப்படித்தானுங்க, தானே ஆறிக்கப் பாக்கும். இங்க பாருங்க, ஸ்டேஷனுக்கு வந்த பின்னால மறுபடி ஏறுது. கிணத்துல இருந்தத விட மேல போகுது. மத்தவங்களுக்கு ராத்திரிக்கு மேல எறங்கிருச்சு. ராஜகனி அக்காவுக்கு இன்னைக்கு வரைக்கும் எறங்கல."

"ஸ்டேஷன்ல என்ன இருக்கு? இங்க ஒண்ணும் நடக்கலியே."

"அந்த நேரத்துல நீங்க பேசிட்டு இருந்தீங்க சார்."

ஞானதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விரலால் இன்னொரு கோட்டைத் தொட்டாள். "ஒரு நாள் மட்டுமில்லீங்க. எல்லா நாளும் இப்படித்தான். இதோ, இந்தக் கோடு உங்களோடது. தீக்குப் போனா உங்களுக்குத்தான் எல்லாரையும் விட அதிகமா ஏறுது. உங்களுக்குப் பயமே இல்லைன்னு வெளிய பேசிக்கறாங்க, ஆனா காப்புக்குத் தெரியுமுங்களே. அப்பறம் இங்க வந்து நீங்க பேச ஆரம்பிக்கறீங்க. அவங்க அஞ்சு பேருக்கும் ஏறுது. உங்களுக்கு எறங்குது. பேசி முடிக்கறப்ப உங்களுக்குச் சுத்தமா எறங்கியிருக்கு. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போறீங்க."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலத்தான் சொன்னாள். ஞானதுரைக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று கிணற்றிலிருந்து திரும்பியதும் ராஜகனியைப் பார்த்து என்ன சொன்னார் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'இன்னும் கொஞ்சம் வெரசா இறங்கியிருந்தா அந்தப் பிள்ள பொழச்சிருக்கும்.' அது உண்மையில்லை. நிலையத்துக்குப் போன் வருவதற்கு முன்பே குழந்தை போய்விட்டதாக டாக்டர் அங்கேயே அவரிடம் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் சொன்னார். ஏன் சொன்னார்? அந்தக் குழந்தையின் நனைந்த பாவாடையை அவரும்தான் பார்த்தார். அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக அவரால் முடியவில்லை. யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. கிணற்றில் இறங்கியவள் பக்கத்தில் நின்றாள், அவள் தலையில் இறக்கினார். அன்று இரவு நன்றாகத் தூங்கியதும் அவருக்கு ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது. மணி அடித்துவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். குச்சி அடுக்கி வைக்கிற குடோனில் தீ. உள்ளே மாடத்தி என்ற பெண் மாட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி. ஓய்வறையிலிருந்து எல்லோரும் காப்புகளை அவரவர் கையில் மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். வண்டி கிளம்பியது.

முன்னிருக்கையில் ஞானதுரை. வழக்கமாக இந்த நேரத்தில் அவர் உத்தரவு போட ஆரம்பித்துவிடுவார். நீ உள்ளே, நீ கயிறு, நீ தண்ணீர் என்று. தகரக் கூரைக்குள் போய்விட்டால் வாக்கி டாக்கி பேசாது. அதனால் உள்ளே போகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். வெளியே ஒருவர் அதை விரலில் உணர்ந்துகொண்டே நிற்பார். உள்ளேயிருந்து தொடர்ந்து சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். கயிறு எப்போதும் ராஜகனிக்குத்தான். ஞானதுரை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவள் கையுறைக்குள் கைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி உட்கார்ந்தார். "ஏல, எல்லாரும் கேளுங்க. காலைல ஜன்னல்ல நின்னு பாத்துட்டேன்."

பீர் முகம்மது கியரைத் தப்பாகப் போட்டு வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது.

"அதப் பத்தி இப்பப் பேச்சில்ல. எப்பவும் பேச்சில்ல. எனக்கு இப்ப வேண்டியது நெசமான நெறம். யார உள்ள அனுப்ப, யார்கிட்ட கயித்தக் குடுக்கன்னு நான் முடிவு பண்ணணும். யாருக்கு இன்னைக்கு முடியாதோ சொல்லுங்க."

எப்படிச் சொல்வார்கள்? இத்தனை வருஷம் பூட்டி வைத்த வாய் ஒரு கேள்விக்குத் திறந்துவிடுமா? சைரன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் கறுப்புப் புகை தெரிய ஆரம்பித்துவிட்டது.

"சரி, நானே சொல்லுதேன்" என்றார் ஞானதுரை. காப்புக் கட்டிய கையை நீட்டிக் காட்டினார். "எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்குன்னு இல்ல, எல்லா நாளும்தான். இன்னைக்குப் புத்தியும் ஒரு நெலையில இல்ல. அதனால உள்ள எவ்வளவு தூரம் போகலாம், எப்பத் திரும்பலாம்னு குமரேசன் முடிவு பண்ணட்டும். அவன் வான்னா வந்துரணும். நான் வெளிய நின்னு போ போன்னு கத்தினாலும் கேக்காதீங்க."

குமரேசன் தன் காதையே நம்பாமல் செல்வினைப் பார்த்தான்.

கொஞ்சம் கழித்து ராஜகனி பேசினாள். "சார், கயிறு எனக்கு வேண்டாம் சார். விரல்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு."

அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள், அடி விழப்போகிறது என்று காத்திருப்பவளைப் போல.

"சரி தாயி. நீ பம்ப்ல நில்லு, பக்கத்துச் சுவத்த நனைச்சுக்கிட்டே இரு. பூதத்தான், கயிறு ஒனக்கு. செல்வின்?"

"தூக்கம் கம்மிதான் சார். ஆனா உள்ள போயிருவேன். நெசமாத்தான் சொல்லுதேன்."

"எனக்கு மூட்டுவலி" என்றார் பீர் முகம்மது சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதையும் எழுதிக்கோங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தீயை நோக்கிப் போகிற வண்டிக்குள் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை கேட்டதில்லை.

குடோன் நன்றாகப் பற்றியிருந்தது. குமரேசனும் செல்வினும் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் பூதத்தான் கயிற்றை இரண்டு கையிலும் தளர்வாகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். சுற்றிலும் கூட்டம் கூச்சல் போட்டது. மாடத்தியின் மகள் மண்ணில் புரண்டு அழுதாள். ராஜகனி குழாயைத் தோளில் அணைத்துக்கொண்டு சுவரில் தண்ணீரைப் பீய்ச்சினாள். குழாய் கனம். அதற்கு விரல் நுணுக்கம் வேண்டாம், உடம்பு வேண்டும். அது அவளிடம் இருந்தது.

ஞானதுரைக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கூரைத் தகரம் முறுக்கிக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இன்னும் ஏன் வரவில்லை, என்ன செய்கிறான்கள் என்று யாரையாவது திட்டினால் போதும், நெஞ்சிலிருக்கும் கல் இறங்கிவிடும். பக்கத்தில் பூதத்தான் நின்றான். திட்டுவதற்குத் தோதான ஆள்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியே வைத்திருந்தார். அவர் காதருகே கத்தாமல் இருந்ததால்தான் பூதத்தானுக்குக் கையில் அது தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

"சுண்டுதாவ" என்றான் கண்ணைத் திறந்து.

"எனக்கு ஒண்ணும் ஆடக் காணலியே?"

"ரொம்ப லேசா சார். எங்கயோ மடங்கிக் கிடக்கு. சுண்டிக்கிட்டே இருக்காவ."

இழுத்தார்கள். பூதத்தான், ஞானதுரை, ஓடி வந்த பீர் முகம்மது, மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் கயிறு அசையவில்லை. பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது. புகைக்குள்ளிருந்து செல்வின் முட்டிபோட்டபடி வந்தான். அவனுக்குப் பின்னால் குமரேசன், அவன் தோளில் மாடத்தி. மூவரும் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேரும்போது குடோனின் நடுக்கூரை பெருஞ்சத்தத்தோடு உட்கார்ந்தது. மாடத்தி இருமினாள். இருமல் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று அங்கே நின்ற யாருக்கும் அதற்கு முன்னால் தெரியாது. மகள் ஓடி வந்து அவள் மேல் விழுந்தாள்.

ராஜகனி குழாயைக் கீழே போட்டுவிட்டு ஞானதுரை பக்கத்தில் வந்து நின்றாள். "அந்தச் சுண்டு என் கையில தெரிஞ்சிருக்காது சார்."

"தெரியும். அதான் நீயே சொல்லிட்டியேம்மா."

"சொல்லாம இருந்திருந்தா?"

இரண்டு பேரும் இருமுகிற மாடத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிலையத்துக்குத் திரும்பியதும், பழக்க தோஷம், ஐந்து பேரும் வண்டிப் பக்கத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். கரியும் ஈரமுமாக, தலை குனிந்து. தாரணி வாசற்படியில் நின்று பார்த்தாள். ஞானதுரை எதிரே வந்து நின்றார். பேசுவதற்குப் பெயர் போன மனிதர், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார்.

"ராஜகனி" என்றார். "கிணத்துக்குப் போன அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். அது பொய். நீ எவ்வளவு வெரசா இறங்கினாலும் அந்தப் பிள்ள பொழச்சிருக்காது. போன் வாரதுக்கு முன்னாலேயே முடிஞ்சு போச்சுன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. எனக்குத் தாங்கல. உன் மேல போட்டுட்டேன். தப்பு என்னோடது."

ராஜகனி அவரையே பார்த்தாள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வெகுநேரம் பிடித்து வைத்திருந்த எதையோ விடுகிறவளைப் போல ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பிறகு அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அலசலில் அதிகாரி நிற்கும்போது அனுமதி இல்லாமல் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

"முந்தியே சொல்லியிருக்கலாம்லா சார்" என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், படியில், வாளியைக் கவிழ்த்து, வெறுந்தரையில். கடைசியில் ஞானதுரையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். செல்வின் குடோனுக்குள் கயிறு மூட்டைக்கடியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்தது, யாரும் கேலி செய்யவில்லை. தப்பு எங்கே என்பதையும் பேசினார்கள். குமரேசன் தானாகவே, கதவை விட்டு இடதுபக்கம் போயிருக்கக் கூடாது என்றான். ஞானதுரை திட்டிக் கேட்டிருந்தால் அது ஒருநாளும் வெளியே வந்திருக்காது.

"நாளைக்குக் காலைல அவங்கவங்க காப்ப அவங்கவங்களே கட்டிக்கிட்டுப் படுங்க" என்றார் அவர் எழுந்திருக்கும்போது. தாரணி பக்கம் திரும்பினார். "என் பேரையும் அந்தப் பலகையில ஏத்திரும்மா. முதல்லயே போடு."

"அப்ப கேடயம் சார்?" என்றான் குமரேசன்.

"அத வச்சு என்ன, தோசையா சுடப்போறோம்?"

மறுநாள் காலையில் வெள்ளூரணி நிலையத்துப் பலகை கோவில் கொடைத் திருவிழா அலங்காரம் போலச் சிவந்து கிடந்தது. மேலே ஞானதுரை, சிவப்பு. கீழே வரிசையாகச் சிவப்பு. நடுவில் பூதத்தான் மட்டும் பச்சை. அவன் அதற்காக வருத்தப்பட்டான், என்னவோ தான் மட்டும் வேலை செய்யாதவன் மாதிரி இருக்கிறது என்று. முந்தின நாள் முகம் கழுவிவிட்டுப் படுத்த ராஜகனி காலையில் தாமதமாக வந்தாள். அலாரம் அடித்தும் எழுந்திருக்கவில்லை என்றாள் கூச்சத்தோடு. அவள் விளக்கும் சிவப்புதான். ஆனால் தாரணி தன் கைக்கணினியைப் பார்த்துவிட்டு அவளிடம் ரகசியமாக ஏதோ காட்டினாள். அந்தக் கோடு முதல் தடவையாகக் கீழே பார்த்து வளைந்திருந்தது.

அப்போது போன் அடித்தது. மாவட்ட அலுவலர் நீலமேகம்.

"என்னய்யா நடக்குது அங்க? என் ஆபீஸ் ஸ்க்ரீன்ல உன் ஸ்டேஷன் முழுக்கச் சிவப்பா எரியுது! கேடயத்தக் கார்ல ஏத்தியாச்சு. பத்திரிகைக்காரனுக்குச் சொல்லியாச்சு. மெஷின் பழுதுன்னு உடனே ஒரு ரிப்போர்ட் அனுப்பு."

"மெஷின் நல்லா இருக்கு சார். இவ்வளவு நாள் நாங்கதான் பொய் சொல்லிக்கிட்டு இருந்தோம். பக்கத்து ஸ்டேஷன்லருந்து ரெண்டு நாளைக்கு ஆள் அனுப்புங்க சார், என் பிள்ளைகளுக்கு ஓய்வு வேணும். ராஜகனிக்கு டாக்டரப் பாக்கணும், லீவு வேணும்."

அவ்வளவுதான். நீலமேகம் வெடித்தார். பொறுப்பில்லாதவன் என்றார். ஆட்களைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் என்றார். கடைநிலை வேலைக்குக்கூட லாயக்கில்லை, விளக்கம் கேட்டு எழுதுகிறேன், மாற்றல் போடுகிறேன் என்றார். அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் அது கேட்டது. ஞானதுரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வலித்தது, இல்லாமல் என்ன. ஆனால் கேட்கக் கேட்க ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு வசவுக்கும் அந்தக் குரல் கொஞ்சம் இலகுவாகிக்கொண்டே வந்தது. மூச்சு சீராகிக்கொண்டே வந்தது. அந்தக் குரலை அவருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அது அவருடைய குரல்.

நீலமேகம் மூச்சு வாங்க நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் 'மன்னிச்சுக்கோங்க சார்' என்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தார். சொல்லிவிட்டு, வாங்கினதைக் கீழே நிற்பவர்களுக்குப் பங்கு வைப்பார்.

"சார்" என்றார் ஞானதுரை. "மேல இருந்து யாரும் ஏதும் சொன்னாங்களா சார்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நேத்துத் தூங்குனீங்களா சார்?"

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. ஞானதுரை, தன் வேலை போய்விட்டது என்றே நினைத்தார். நினைத்தும் போனை வைக்கவில்லை. ராஜகனியும் குமரேசனும் பீர் முகம்மதுவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லய்யா" என்றார் நீலமேகம் கடைசியில். திட்டும்போது இருந்த குரல் அதில் இல்லை. "ஒரு வாரமா ஒழுங்கா இல்ல. தினம் காலைல மேல இருந்து போன். எந்த மாவட்டம் எத்தனை சிவப்புன்னு… நான் யார்கிட்டய்யா சொல்ல?"

"சொல்லுங்க சார். நான் இருக்கேன்."

நீலமேகம் சொன்னார். நிறையச் சொன்னார். ஞானதுரை ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூதத்தான் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டான். பேசி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்களை அனுப்புவதாகவும் அந்தப் பெண்ணின் லீவில் கையெழுத்துப் போடுவதாகவும் நீலமேகம் சொன்னார். போனை வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"அந்த இன்ஜினியர் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்காங்க சார்."

"இந்தப் பக்கம் வாரப்ப எனக்கும் ஒரு காப்பு எடுத்துட்டு வரச் சொல்லுய்யா. கலர் என்னவா விழுந்தாலும் பரவாயில்ல."